ஷாப்பிங் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

உலகின் மிகப் பழைய வாடிக்கையாளர் புகார் எதில் எழுதப்பட்டது தெரியுமா? களிமண்ணில்!

இன்றைய ஈராக்கின் தெற்கே இருந்த உர் என்ற பழம்பெரும் நகரம். காலம், கி.மு. 1750 வாக்கில். நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற செம்பு வியாபாரியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். சரக்கோ படுமட்டம். நியாயம் கேட்கப் போன ஆட்களையும் வியாபாரி மதிக்காமல் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார். கொதித்துப்போன நன்னி, ஈரக் களிமண் பலகையில் முன்னும் பின்னும் நெருக்கி நெருக்கி எழுத வைத்து, அனுப்பியே விட்டார் ஒரு புகார்க் கடிதம்! லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அது இன்றும் இருக்கிறது. உயரம் 12 சென்டிமீட்டர்கூட இல்லை. கோபமோ மலையளவு!

நன்னி என்னதான் கேட்கிறார்? சொன்ன தரத்தில் சரக்கு வேண்டும். இனி தானே பார்த்துப் பொறுக்கித்தான் எடுப்பார். சரியில்லாததைத் திருப்பிவிடுவார். இவ்வளவுதான்! ஆனால் இந்த மூன்றும் சாதாரண ஜனங்களுக்குக் கிடைக்க இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் வருஷம் ஆயிற்று. இன்று கடையில் நம் கைபடும் விலைச்சீட்டு, டிராலி, பில், கோடு கோடாக இருக்கும் அந்தக் கட்டம் எல்லாமே, விற்பவரை வாங்குபவர் எப்படி நம்புவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்தன. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றும் ஓர் ஆச்சரியம்!

சிந்துவெளிக் கடைத்தெருவில் எடை எவ்வளவு கறார் தெரியுமா?

ஹரப்பா, மொஹஞ்சதாரோ, குஜராத்தில் லோத்தல். ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊர்கள். தோண்டிப் பார்த்தால் எல்லா ஊரிலும் ஒரே முறைப்படி செய்த எடைக்கற்கள்! செர்ட் என்ற கடினமான கல்லைக் கனசதுரமாகச் செதுக்கி, வழவழவென்று தேய்த்து வைத்திருக்கிறார்கள். 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகிறது வரிசை. அதிகமாகக் கிடைத்த கல்லின் எடை சுமார் 13.7 கிராம். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால், மின்சாரத் தராசும் கிடையாது, தந்தியும் கிடையாது. ஆனாலும் ஓர் ஊரில் நிறுத்தது இன்னோர் ஊரில் சரியாக நின்றது!

இன்றைக்கும் அந்தக் கறார் சட்டமாக இருக்கிறது. கடையில் உள்ள தராசையும் எடைக்கல்லையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அரசு அதிகாரி சோதித்து முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போனால் தராசில் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

இங்கிலாந்திலும் கொசுறு உண்டு தெரியுமா?

காய்கறி வாங்கி முடித்ததும் ஒரு கொத்து கறிவேப்பிலை, நாலு காம்பு கொத்தமல்லி பையில் விழ வேண்டும். விழாவிட்டால் நமக்குக் கடையை விட்டு நகர மனம் வராது. இங்கிலாந்தில் ரொட்டிக்காரர்கள் கொடுத்த கொசுறு இன்னும் தாராளம். 12 ரொட்டி கேட்டால் 13!

தாராளத்துக்குப் பின்னால் பயமும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ரொட்டியின் எடைக்குச் சட்டம் வந்துவிட்டது. எடை குறைந்தால் அபராதம். ஊர் நடுவே கட்டைச் சட்டத்தில் கழுத்தையும் கையையும் மாட்டி நிறுத்தும் அவமானமும் உண்டு. கையால் பிசைந்து அடுப்பில் சுடும் ரொட்டி எல்லாம் ஒரே எடையில் வருமா? எதற்கு வம்பு என்று ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கடைகளிலும் கொசுறு வழக்கம் இருந்தது. 1883இல் வெளிவந்த தன் மிசிசிப்பி நூலில் மார்க் ட்வைன் அதை ரசித்து எழுதியிருக்கிறார்!

பேரம் பேசாத கடை ஜப்பானில் எப்போது வந்தது தெரியுமா?

1673இல்! எடோ என்று அப்போது பெயர் பெற்றிருந்த டோக்கியோவில், மிட்சுய் தகாதோஷி என்பவர் எசிகோயா என்ற துணிக்கடையைத் திறந்தார். அந்தக் காலத்தில் துணி வியாபாரம் எப்படி நடந்தது? பெரிய மனிதர்களின் வீட்டுக்குக் கடை ஆட்கள் துணியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எல்லாம் கடன் கணக்கு. ஆளைப் பார்த்து விலை.

தகாதோஷி அத்தனையையும் தலைகீழாக்கினார். கடைக்கு வாருங்கள், கையில் காசு கொடுங்கள், யாராக இருந்தாலும் ஒரே விலை! முழுப் பீஸ்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் எடுத்தார். வேண்டிய அளவு வெட்டிக் கொடுத்தார். பிரபுக்களுக்கு மட்டும் கிடைத்த துணியை ஊர் ஜனங்களும் வாங்கினார்கள். இன்றும் ஜப்பானில் புகழோடு நடக்கும் மிட்சுகோஷி கடைகள், அதே எசிகோயாவின் வாரிசுகள்தான்!

ஐரோப்பாவில் இந்த மாற்றத்துக்குப் பேர்போன கடை பாரிஸின் போன் மார்ஷே. 1852இல் அரிஸ்தீத் பூசிக்கோ அங்கே பங்குதாரராகச் சேர்ந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் விலைச்சீட்டு. வாங்காமல் சும்மா சுற்றிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்! அந்தக் கடையை மனத்தில் வைத்து எமில் ஸோலா ஒரு நாவலே எழுதினார்.

இந்தியாவில் இந்தக் கதைக்கு எம்.ஆர்.பி. என்று பெயர். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை. ஒரு காலத்தில் விலையைப் போட்டுவிட்டு, ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று சின்ன எழுத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்தத் தனி எவ்வளவு என்பது கடைக்காரருக்கே வெளிச்சம்! 1990இல் விதி மாறியது. எல்லா வரியும் சேர்த்து ஒரே விலைதான் அச்சிட வேண்டும். அதைவிடக் குறைத்து விற்கலாம். ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டாலும் சட்டப்படி குற்றம்.

கலப்படத்தை எதிர்த்து நெசவாளர்கள் கடை திறந்தார்கள் தெரியுமா?

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைகள் வாங்கிய சாப்பாட்டுச் சாமான் எப்படி இருந்தது என்று கேட்டால் வயிற்றைக் கலக்கும். மாவில் சுண்ணக்கட்டித் தூள். ரொட்டியில் படிகாரம். ஒருமுறை கொதிக்கவைத்த தேயிலையை உலர்த்தி மறுபடியும் விற்பனை!

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்ற மில் ஊர். நெசவாளர்களும் மற்ற தொழிலாளர்களுமாக 28 பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து, 1844 டிசம்பர் 21 அன்று சொந்தமாகக் கடை திறந்தார்கள். அன்று அலமாரியில் இருந்தது வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள். வேறொன்றும் பெரிதாக இல்லை. ஆனால் கொள்கை பெரிது. கலப்படம் கிடையாது, எடையில் குறை கிடையாது, லாபத்தில் பங்கு வாங்குபவர்களுக்கே! ஆளுக்கு ஒரு ஓட்டு. உலகமெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்துக்கு அந்தச் சின்னக் கடை வழிகாட்டியானது.

அந்த யோசனை சென்னைக்கும் வந்தது. 1904இல் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சென்னைவாசிகள் டி.யு.சி.எஸ். என்று சொல்வார்களே, அதேதான்! நியாயமான விலையில் சரியான எடையில் சாமான் கிடைக்க வேண்டும் என்று அந்தப் பேட்டைக்காரர்கள் கூடித் தொடங்கியது, நூறாண்டைத் தாண்டியும் தமிழ்நாட்டுக் கூட்டுறவு வரலாற்றில் முன்வரிசையில் நிற்கிறது.

நாமே எடுத்துக்கொள்ளும் கடை யார் யோசனை தெரியுமா?

நம் தெருமுனை மளிகைக் கடையில் இன்றும் சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம். கடைப்பையன் எடுத்துக் கட்டித் தருகிறான். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலும் இதே கதைதான். 1916 செப்டம்பரில் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் திறந்தார் பிக்லி விக்லி! உள்ளே நுழைய ஒரு சுழல் கதவு. கையில் ஒரு கூடை. ஒரே வழியாக வளைந்து வளைந்து எல்லா அலமாரிகளையும் கடந்து, கடைசியில் காசு கட்டும் இடம். ஒவ்வொரு பொருளிலும் விலை. இந்த அமைப்புக்கு 1917இல் காப்புரிமையே வாங்கிவிட்டார்!

களிமண் கடிதத்தில் நன்னி கேட்ட, தானே பொறுக்கி எடுக்கும் உரிமை ஒருவழியாக மளிகைக்கும் வந்து சேர்ந்தது. டப்பாவைத் திருப்பிப் பார்க்கலாம், பக்கத்து டப்பாவோடு ஒப்பிடலாம், வேண்டாமென்றால் வைத்துவிடலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சாண்டர்ஸின் சொந்தக் கதை இன்னும் பரபரப்பு. பங்குச் சந்தையில் மோதி 1923இல் சொத்தையெல்லாம் இழந்தார். அவர் ஆசை ஆசையாகக் கட்டிக்கொண்டிருந்த இளஞ்சிவப்புப் பளிங்கு மாளிகை கைவிட்டுப் போய், அருங்காட்சியகமாகிவிட்டது. அதற்குள்ளே இன்று என்ன இருக்கிறது தெரியுமா? முதல் பிக்லி விக்லி கடையின் மாதிரி! மனிதர் அதற்கப்புறமும் ஓயவில்லை. 1937இல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சாமானைச் சாவி போட்டுத் தேர்ந்தெடுத்தால், கன்வேயர் பெல்ட் கொண்டுவந்து சேர்க்கும் தானியங்கிக் கடை ஒன்றைத் திறந்தார். இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணியதால் நிலைக்கவில்லை. ஆனால் யோசனையைப் பாருங்கள், இன்றைய கிடங்குகளில் ஓடும் ரோபோக்களுக்கு எத்தனை வருஷம் முந்தியது!

டிராலியைத் தள்ள முதலில் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள் தெரியுமா?

ஓக்லஹோமா நகரில் ஹம்ப்டி டம்ப்டி என்ற சூப்பர் மார்க்கெட்டுகளை நடத்தியவர் சில்வன் கோல்ட்மேன். அவருக்கு ஒரு கவலை. கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள்! 1936இல் ஓர் இரவு அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தவரின் கண் ஒரு மடக்கு நாற்காலியில் விழுந்தது. இருக்கையில் ஒரு கூடையை வைத்து, அடியில் இன்னொன்றை வைத்து, காலில் சக்கரத்தை மாட்டினால்? மெக்கானிக் ஃப்ரெட் யங்கோடு சேர்ந்து செய்தே விட்டார். 1937 ஜூனில் கடையில் டிராலி தயார்.

யாருமே தொடவில்லை! தெம்பில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று இளைஞர்கள் ஒதுங்கினார்கள். குழந்தை வண்டி தள்ளித் தள்ளிச் சலித்த பெண்கள், கடையிலுமா தள்ள வேண்டும் என்றார்கள். வயதானவர்களுக்கோ தள்ளாமை வெளியே தெரிந்துவிடுமே என்ற கூச்சம். கோல்ட்மேன் விடுவாரா? ஆண், பெண், இளசு, பெரிசு எனப் பல வயதில் ஆட்களைச் சம்பளத்துக்குப் பிடித்து, வாசல் பக்கம் டிராலி தள்ளிச் சாமான் எடுப்பதாக நடிக்க வைத்தார். பார்த்தவர்கள் தாங்களும் தள்ள ஆரம்பித்தார்கள். டிராலி உலகத்தையே சுற்ற ஆரம்பித்தது!

ஆனால் அந்த டிராலியை ஒவ்வொரு முறையும் மடக்கி வைக்க வேண்டியிருந்தது. 1946இல் கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ஆர்லா வாட்சன் அதற்கும் வழி கண்டார். பின்பக்கக் கம்பி வலை மேலே தூக்கிக்கொள்ளும்படி கீல் வைத்தார். எவர்சில்வர் டம்ளர்களை அடுக்குகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்துவிடலாம். இன்று நாம் சரசரவென்று இழுத்து எடுக்கிறோமே, அது அவர் தந்த வசதி!

கல்லாவில் மணி ஏன் அடித்தது தெரியுமா?

அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்தார் ஜேம்ஸ் ரிட்டி. வியாபாரம் அமோகம், கல்லாவில் காசு இல்லை. வேலையாட்களில் சிலர் காசைத் தங்கள் பையில் போட்டுக்கொள்கிறார்கள்! மனம் நொந்து 1878இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பலின் இயந்திர அறையில், சுழலி எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணிக் காட்டும் கருவியைப் பார்த்தார். இரும்புச் சுழலியின் சுற்றை எண்ண முடிந்தால், கைமாறும் காசை எண்ண முடியாதா?

ஊர் திரும்பிச் சகோதரர் ஜானோடு சேர்ந்து வேலையில் இறங்கினார். 1879இல் காப்புரிமை கிடைத்தது. ‘நேர்மை தவறாத காசாளர்’ என்ற பொருளில் அந்த இயந்திரத்துக்குப் பெயர் வைத்தார். கடிகாரத்தில் இருப்பது போலவே ஒரு முகம். ஒரு முள் டாலரைக் காட்டும், இன்னொரு முள் சென்ட்டைக் காட்டும். தொகை வாங்குபவர் கண்ணுக்கு எதிரே தெரியும்!

1884இல் ஜான் பேட்டர்சன் அந்தத் தொழிலை வாங்கி நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியை வளர்த்தார். ஒவ்வொரு விற்பனைக்கும் கல்லா திறக்கும்போது மணி அடித்தது. கடையின் மூலையில் இருக்கும் முதலாளிக்கும் கேட்கும். 1906இல் அதே கம்பெனியின் சார்லஸ் கெட்டரிங் மின்சாரக் கல்லாவை உருவாக்கினார். அங்கே விற்பனைப் பிரிவில் வளர்ந்து, பின்பு வெளியேற்றப்பட்ட தாமஸ் வாட்சன் என்பவர் இன்னொரு கம்பெனிக்குத் தலைவரானார். அந்தக் கம்பெனி எது தெரியுமா? ஐ.பி.எம்.! அடுத்த ஆச்சரியத்தில் அதே ஐ.பி.எம். மறுபடியும் வருகிறது.

பார்கோடு கடற்கரை மணலில் பிறந்தது தெரியுமா?

1948. ஃபிலடெல்ஃபியாவில் ட்ரெக்ஸல் கல்லூரி. உணவுக் கடைகளின் முதலாளி ஒருவர் அங்கே வந்து, பணம் வாங்கும் இடத்தில் பொருளின் விவரம் தானாகப் பதிவாக ஒரு வழி கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். கல்லூரி கைவிரித்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. நண்பர் ஜோசஃப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்டுக்குத் தூக்கம் போய்விட்டது!

மயாமி பீச்சில் தாத்தா வீடு. அங்கே போய்க் கடற்கரையில் உட்கார்ந்து யோசித்தார். சாரணர் இயக்கத்தில் கற்ற மோர்ஸ் தந்திக் குறிகள் நினைவுக்கு வந்தன. மணலில் விரலால் புள்ளியும் கோடும் போட்டார். அப்படியே விரல்களை மணலில் ஊன்றிக் கீழே இழுத்தார். புள்ளி மெல்லிய கோடானது, கோடு தடித்த கோடானது. அதுதான் பார்கோடு!

1952இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் உலகம் தயாராக இல்லை. சோதனைக்குச் செய்த கருவி ஒரு மேசை அளவு இருந்தது. 500 வாட் பல்பு வேறு. சூட்டில் காகிதம் புகைந்தது! லேசரும் சின்னக் கம்ப்யூட்டரும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சில்வர் 1963இலேயே காலமாகிவிட்டார். தன் கனவு ஒரு கடையிலும் நனவாகி அவர் பார்க்கவில்லை. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜார்ஜ் லாரர் இன்றைய வடிவத்தை வடித்தார். உட்லண்டும் அப்போது அதே ஐ.பி.எம்.மில்!

1974 ஜூன் 26 காலை. ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற சின்ன ஊர். மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் முதன்முதலாக ஸ்கேன் ஆனது ரிக்லி கம்பெனியின் சூயிங் கம் பொட்டலம். விலை 67 சென்ட். அந்த ட்ராய் எங்கே இருக்கிறது? கல்லா பிறந்த டேட்டனிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில்!

இன்னும் சில தெரியுமா? தொழிற்சாலையிலிருந்து வரும் பொட்டலத்தின் பார்கோடில் விலையே கிடையாது! அதில் இருப்பது பொருளின் அடையாள எண் மட்டும். விலை கடையின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அலமாரியில் ஒரு விலையும் பில்லில் வேறு விலையும் வருவதற்கு இதுவே காரணம். கம்ப்யூட்டரில் மாற்றியவர்கள் அலமாரிச் சீட்டை மாற்ற மறந்திருப்பார்கள். ஸ்கேனர் கறுப்புக் கோட்டோடு வெள்ளை இடைவெளியையும் சேர்த்துத்தான் படிக்கிறது. சிவப்பு மையில் பார்கோடு அச்சிட்டால் திணறிப்போகும். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு வெள்ளையாகத்தான் தெரியும்! எண் 890 என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவான நிறுவனத்தின் எண் என்று அர்த்தம். பொருள் இங்கேதான் தயாரானது என்பதற்கு அது சாட்சி ஆகாது. புத்தகங்களுக்கு 978.

கடைசி இலக்கம் ஒரு காவல்காரர்! ஒரு காகிதமும் பேனாவும் எடுங்கள். 890123456789 என்று 12 இலக்கங்களை எழுதுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை இடத்தில் நிற்பவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடத்தில் நிற்பவற்றைக் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு தேவை? ஒன்றும் தேவையில்லை. ஆகவே 13ஆவது இலக்கம் 0! நடுவே ஏதாவது ஓர் இலக்கம் தப்பாகப் படிக்கப்பட்டாலும் கணக்கு இடிக்கும், இயந்திரம் ஏற்காது. வீட்டில் இருக்கும் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து இப்போதே போட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்!

பில் அடிக்கும் இயந்திரத்தில் மையே இல்லை தெரியுமா?

சூப்பர் மார்க்கெட் பில்லை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழும்! அந்தக் காகிதத்தின் மேல் சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சு இருக்கிறது. பிரிண்டரின் தலையில் உள்ள நுண்ணிய சூடேற்றிகள் பட்ட இடம் எழுத்தாகிறது. நகம் உரசும் சூடும் அதற்குப் போதும். ஆனால் அந்தப் பூச்சு நிலையானது அல்ல. வெயில் பட்டுக் கிடந்தால் எழுத்து மங்கி, கடைசியில் வெறும் தாள்தான் மிஞ்சும். மிக்ஸி, ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். போனில் ஒரு படமும் இருக்கட்டும். வாரண்டி கேட்கப் போகும் நாளில் பில்லில் எழுத்து இருக்க வேண்டும் அல்லவா!

காகிதப் பைக்காக ஒரு பெண் கோர்ட் ஏறினார் தெரியுமா?

அடிப்பாகம் தட்டையாக, மேசையில் வைத்தால் நிற்கும் காகிதப் பை. அதை இயந்திரத்தில் செய்து காட்டியவர் மார்கரெட் நைட். மாசசூசெட்ஸில் ஒரு காகிதப் பைக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மாதிரி இயந்திரம் செய்யக் கொடுத்த இடத்தில் அதைப் பார்த்த சார்லஸ் அன்னன் என்பவர் முந்திக்கொண்டு தன் பெயரில் காப்புரிமை கேட்டுவிட்டார்! வழக்கு நடந்தது. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு இயந்திர அறிவு ஏது என்று எதிர்த்தரப்பு கேட்டது. மார்கரெட் தன் வரைபடங்களையும் குறிப்புகளையும் கொண்டுவந்து கொட்டினார். வென்றார்! 1871இல் காப்புரிமை அவர் கையில்.

பிளாஸ்டிக் கேரி பேக் 1960களில் ஸ்வீடனில் ஸ்டென் குஸ்தாஃப் துலின் என்பவர் செய்த வடிவமைப்பு. உறுதியான பை, பலமுறை பயன்படுத்தலாம் என்பதே அதன் பெருமை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வழக்கம் நாம் சேர்த்துக்கொண்டது. அதனால் வந்த வினையைப் பார்த்துத்தான் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக நம் வீட்டுக் கதவில் எப்போதும் தொங்கிய பைதான்!

ஆன்லைனில் மளிகை வாங்கிய முன்னோடி ஒரு பாட்டி தெரியுமா?

1984, இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட். 72 வயதுப் பாட்டி ஒருவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. ரிமோட்டை அழுத்தி மார்கரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை மூன்றையும் டெஸ்கோ கடையிலிருந்து வரவழைத்தார்! டி.வி.யைத் தொலைபேசிக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மைக்கேல் ஆல்ட்ரிச்சின் 1979 கண்டுபிடிப்பு, நடமாட முடியாத முதியவர்களுக்கு உதவியது. பணம்? சாமான் வந்ததும் கையில்தான். கம்பி வழியே பணம் அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு நம்பிக்கை வேண்டுமே.

அந்த நம்பிக்கையைக் கணிதம் கொடுத்தது. 1994 ஆகஸ்ட் 11 அன்று நெட்மார்க்கெட் என்ற அமெரிக்கத் தளத்தில், கார்டு எண்ணைச் சங்கேதமாக மாற்றி அனுப்பி ஒருவர் பாடகர் ஸ்டிங்கின் சி.டி.யை வாங்கினார். விலை 12.48 டாலர். அடுத்த ஆண்டு அமேசான் கடை திறந்தது. ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு விற்பனைக்கும் அந்த அலுவலகத்தில் மணி அடிக்குமாம். ஆர்டர்கள் குவிந்ததும் மணியை நிறுத்திவிட்டார்கள்!

க்யூ.ஆர். கோடு விளையாட்டுப் பலகையிலிருந்து வந்தது தெரியுமா?

ஜப்பானில் டொயோட்டா குழுமத்தின் டென்சோ நிறுவனம். கார் உதிரிபாகப் பெட்டி ஒன்றுக்கே பல பார்கோடுகளை ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் ஓய்ந்துபோனார்கள். அவர்களின் பாரத்தைக் குறைக்க மசஹிரோ ஹாரா வழி தேடினார். மதிய இடைவேளையில் ஆடும் கோ விளையாட்டின் கறுப்பு வெள்ளைக் காய்கள் கட்டங்களில் நின்ற விதம் அவருக்குப் பொறி தட்டியது. 1994இல் க்யூ.ஆர். கோடு வெளிவந்தது. 7,089 எண்கள்வரை அடங்கும்! மூலையில் உள்ள மூன்று சதுரங்கள், எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாலும் கருவிக்குத் திசை சொல்லும். தகுந்த முறையில் உருவாக்கினால், சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்க முடியும். காப்புரிமை கையில் இருந்தும் டென்சோ அதைக் காட்டிப் பணம் கேட்கவில்லை. உலகம் தாராளமாகப் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டது!

2016இல் இந்தியாவில் யு.பி.ஐ. வந்ததும் அந்தக் கட்டம் பூக்கூடைக்கும் இளநீர் வண்டிக்கும் வந்துவிட்டது. பணம் வந்ததும் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் தொகையை உரக்கச் சொல்கிறது. ரிட்டியின் கல்லா காட்டியதும் இதைத்தான். கொடுத்தது இவ்வளவு என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும்!

இனி உங்கள் முறை!

நெசவாளர்கள், மதுக்கடைக்காரர், கல்லூரி மாணவர்கள், காகிதப் பைத் தொழிலாளி, கார் கம்பெனி இன்ஜினீயர் என்று எத்தனை பேர் மண்டையைக் குடைந்து இதையெல்லாம் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்! பயன்படுத்தினால்தானே பயன்? சாமானை வைக்கும் முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். எம்.ஆர்.பி.யைப் படியுங்கள். ஸ்கேன் ஆகும்போது திரையில் ஒரு கண் இருக்கட்டும். பில் வாங்காமல் வராதீர்கள். குறை இருந்து கடையில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

இரண்டு ரூபாய்க்குப் போய்க் கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம். சரியாக நிறுத்து, சரியான விலை போட்டு, பில்லும் கொடுக்கிற கடைக்காரர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். குறைத்து நிறுப்பவரோடு அவர்கள் தினம் தினம் போட்டி போட வேண்டியிருக்கிறது. நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்த நேர்மையானவரின் வியாபாரத்துக்குத் துணை நிற்கும். தைரியமாகக் கேளுங்கள்!